சீகன்பால்க் என்றால் ஆட்டுத்தோல்: ஜெர்மன் குடும்பப் பெயர்களின் எண்ணிக்கையை நம்புவதற்கு முன்

போன வருடம் கோடையில் மதுரைப் பெண் ஒருவர் லைப்சிக்கில் உள்ள என் அலுவலகத்துக்கு வந்தார். ஏழு மாதக் கர்ப்பம், கணவர் ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்துக்காரர். கையில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு காகிதம் வைத்திருந்தார். கணவரின் குடும்பப் பெயர் தங்க எழுத்தில் மின்னியது. அதன் கீழே கேடயத்துக்குள் ஒரு சிங்கம், பிறகு 'பழம்பெரும் பிரபு வம்சம்' என்ற வரி, கடைசியாக 'உலகில் இப்பெயர் கொண்டோர்' என்று ஒரு மூன்றிலக்க எண். மாமனாரின் எழுபதாவது பிறந்தநாளுக்கு இணையத்தில் 79 யூரோ கொடுத்து வாங்கியதாம்.

"அக்கா, இதைத் தமிழில் மொழிபெயர்த்து உங்க முத்திரை போட்டுத் தர முடியுமா? எங்க அப்பாவுக்கு அனுப்பணும்."

நான் நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர். மொழிபெயர்த்துத் தரலாம். ஆனால் என் முத்திரையைப் பார்த்ததும் ஊரில் இதை அரசு ஆவணம் என்றே நினைத்துக்கொள்வார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, காபி போட்டுக் கொடுத்து, அவரிடம் ஒரு மணி நேரம் பேசினேன். அதில் பாதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தக் குடும்பப் பெயரை இங்கே சொல்ல மாட்டேன். அது அரிய பெயர், சொன்னால் இரண்டு நிமிடத்தில் ஆள் யாரென்று தேடிப் பிடித்துவிடலாம். அதற்குப் பதிலாக நமக்கெல்லாம் பழக்கமான இன்னொரு அரிய ஜெர்மன் பெயரை எடுத்துக்கொள்வோம்: சீகன்பால்க். 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிய பார்த்தலோமேயு சீகன்பால்க்தான். அவர் 1682-இல் பிறந்தது சாக்சனியின் புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரில். என் வீட்டிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அந்த ஊர் மசாலா ரொட்டிக்குப் பேர்போனது. கிறிஸ்துமஸ் சமயத்தில் வாங்கி வருவேன்.

பெயருக்கு என்ன பொருள்? 'த்ஸீக' என்றால் வெள்ளாடு. 'பால்க்' என்ற சொல்லுக்கு இன்றைய ஜெர்மன் பேச்சில் 'அடங்காத குழந்தை', 'வாண்டு' என்று பொருள். அதனால் 'ஆட்டுக்குட்டிப் பயல்' என்பதுபோல எழுதி வைப்பவர்கள் உண்டு. இன்றைய அகராதியை வைத்துக்கொண்டு அறுநூறு ஆண்டுப் பழைய பெயரைத் திறந்தால் இப்படித்தான் ஆகும். பழைய ஜெர்மனில் அந்தச் சொல்லுக்கு, கிழிக்காமல் முழுசாக உரித்தெடுத்த விலங்குத் தோல் என்று பொருள். அதைத் தைத்துப் பையாக்கினாலும் அதே சொல், கொல்லன் உலையில் காற்று ஊதப் பயன்படுத்தினாலும் அதே சொல். இன்றும் ஜெர்மனில் உலைத்துருத்தியின் பெயர் 'ப்ளாசபால்க்'.

தமிழில் இதற்கு அச்சு அசலாக ஒரு சொல் இருக்கிறது: துருத்தி. உலை ஊதுவதும் துருத்தி, தோல் பையும் துருத்தி. இப்போது வழக்கிலுள்ள தமிழ் பைபிளில் புதுத் திராட்சரசத்தைப் புதுத் துருத்தியில் ஊற்றுவார்கள், நினைவிருக்கிறதா? புதிய ஏற்பாட்டை முதலில் முழுமையாகத் தமிழில் அச்சிட்டவரின் சொந்தப் பெயரிலேயே ஒரு துருத்தி தொங்கிக்கொண்டிருந்தது என்பது எனக்குப் பிடித்த தற்செயல்.

ஆக, முன்னோர் யாரோ ஒருவர் ஆட்டுத்தோல் பதனிட்டிருக்கலாம், வாங்கி விற்றிருக்கலாம், ஆட்டுத்தோல் மேலாடையோடு திரிந்திருக்கலாம். தொழிலை நேராகச் சொல்லாமல் பொருளைச் சொல்லிக் கூப்பிடும் பட்டப்பெயர் இது. ஜெர்மனில் இந்த வகை ஏராளம். ஆணி செய்யும் கொல்லர் 'நாகல்', அதாவது ஆணி. இறைச்சிக் கடைக்காரர் 'ரிண்ட்ஃப்ளைஷ்', அதாவது மாட்டிறைச்சி. 'ஹாசன்ஃப்ளூக்' என்ற பெயருக்கு 'ஏரை வெறுப்பவன்' என்று பொருள். உழவுக்குப் போக மூக்கால் அழுத ஒருவருக்கு ஊரார் வைத்த கிண்டல் பெயர், பேரன் பேத்திகள் வரை ஒட்டிக்கொண்டது. அப்படிப்பட்ட குடும்பத்திலிருந்து அமைச்சரும் வந்தார். கிரிம் சகோதரர்களின் தங்கையை மணந்த ஹெஸ்ஸன் நாட்டு அமைச்சரின் பெயர் லூட்விக் ஹாசன்ஃப்ளூக்.

அரிய பெயர் என்றால் உயர்ந்த பெயர் என்ற எண்ணம் நம்மவர்களிடமும் இருக்கிறது, ஜெர்மானியர்களிடமும் இருக்கிறது. கேடயச் சின்னம் ஒரு குறிப்பிட்ட வம்சாவளிக்கு உரியது. அதே பெயர் இருப்பதால் எல்லோருக்கும் அது சொந்தமாகிவிடாது. ஜெர்மனியில் சாதாரண நகரவாசிகளும் சின்னம் வைத்துக்கொண்டார்கள். பிரபு வர்க்கத்தின் சலுகைகளோ 1919-இல் வைமார் அரசியல் சட்டத்தோடு முடிந்துபோயின, பட்டங்கள் வெறும் பெயரின் பகுதியாயின. சிங்கத்தின் கதை இவ்வளவுதான்.

எண்ணின் கதை வேறு. அதில்தான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள்.

ஜெர்மனியில் மொத்த மக்களுக்கும் சேர்த்து ஒரே மையப் பதிவேடு கிடையாது. யார் எங்கே குடியிருக்கிறார் என்பது அந்தந்த ஊரின் பதிவு அலுவலகத்துக்குத்தான் தெரியும். அப்படியானால் 'இந்தப் பெயரில் இத்தனை பேர்' என்று எப்படிச் சொல்கிறார்கள்? தொலைபேசிப் புத்தகத்தை வைத்துத்தான்!

ஃப்ரைபுர்க், மைன்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட ஜெர்மன் குடும்பப் பெயர் வரைபட நூலுக்கு அடிப்படை, 2005-ஆம் ஆண்டின் தரைவழித் தொலைபேசி இணைப்புகள். சுமார் 2.82 கோடி வீட்டு இணைப்புகள், அவற்றில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வெவ்வேறு பெயர்கள். அதன் பிறகு ஆட்கள் கைபேசிக்கு மாறித் தரைவழி இணைப்பைத் துண்டிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அதனால் இருபது வருடம் கடந்தும் ஆய்வாளர்கள் அந்த 2005 பட்டியலையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அன்றைய மக்கள்தொகை சுமார் 8.24 கோடி. அதை இணைப்புகளால் வகுத்தால் ஓர் இணைப்புக்கு 2.9 பேர். முல்லர் என்ற பெயரில் சுமார் 2.5 லட்சம் இணைப்புகள் இருந்தன. பெருக்கினால் ஏழு லட்சத்துக்கு மேல். இது நம்பக்கூடிய கணக்கு, ஏனென்றால் எண் பெரியது, கூடுதல் குறைவு ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். அதே பெருக்கலை நாற்பது இணைப்பு உள்ள பெயருக்குச் செய்தால் 116 என்று வரும். அந்த நாற்பதில் பாதி வீட்டில் ஒற்றை ஆளாக வாழும் பாட்டிகள் இருந்தால்? இரண்டு அண்ணன் தம்பிகள் எண்ணைப் புத்தகத்தில் போட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தால்? 116 என்பது 70 ஆகவும் இருக்கலாம், 150 ஆகவும் இருக்கலாம். ஆனால் சட்டத்துக்குள் தங்க எழுத்தில் அச்சடிக்கும்போது அது கடைசி ஆள் வரை எண்ணிப் பார்த்தது போன்ற தோரணையோடு நிற்கிறது.

அப்புறம் இன்னொன்று. மைன்ஸ் நகர அகாடமி 2012 முதல் நடத்தும் இணையப் பெயர் அகராதி, குறைந்தது பத்து இணைப்பாவது உள்ள பெயர்களை எடுத்துக்கொள்கிறது. அப்படிப்பட்டவை சுமார் இரண்டு லட்சம். மீதி, அதாவது நான்கில் மூன்று பங்கு, பத்து வீட்டுக்கும் குறைவானவை. ஜெர்மனியில் அரிய பெயர் என்பது அரிதான சங்கதியே இல்லை. முல்லரும் ஷ்மிட்டும் ஆட்களில் அதிகம்; பெயர்களை மட்டும் எண்ணினால் அரியவையே பெரும்பான்மை.

அந்த அரிய பெயர்களுக்குள் நம் ஆட்களும் இருக்கிறார்கள். 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் விண்ணப்பத்தில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தைப் பார்த்துத் திகைத்து அப்பா பெயரை எழுதினார்கள். அந்த அப்பா பெயர் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. 1811-இல் நெப்போலியன் ஆட்சியின் ஆணையால் கிழக்கு ஃப்ரீஸ்லாந்தில் நடந்ததும் இதேதான். அதுவரை யானின் மகன் யான்சன், அவன் மகனுக்கு அப்பா பெயரை வைத்து வேறு பெயர் என்று தலைமுறைக்கொரு பெயராக மாற்றிக்கொண்டிருந்தவர்கள், ஒரு பெயரோடு நிற்க வேண்டியதாயிற்று.

சரி, எண்ணுவது ஆட்களையா, எழுத்துக் கூட்டலையா? கணினிக்கு எழுத்துக் கூட்டல்தான். 'பால்க்' என்ற சொல்லின் கடைசி எழுத்து எழுதும்போது 'g', பேசும்போது 'k' ஆகிவிடும். தேவாலயப் பதிவேட்டில் பாதிரியார் காதில் விழுந்தபடி எழுதினால் அதே குடும்பம் இரண்டு மூன்று விதமாகப் பதிவாகும். 1876 ஜனவரி 1 முதல் ஜெர்மன் பேரரசு முழுவதும் அரசுப் பதிவாளர் முறை வந்தபோது, அன்று எப்படி எழுதப்பட்டதோ அப்படியே நின்றுவிட்டது. அண்ணன் ஒரு ஊரில், தம்பி இன்னொரு ஊரில் பதிந்திருந்தால் கணினிக் கணக்கில் அவர்கள் இரண்டு வெவ்வேறு அரிய பெயர்கள். மறுபக்கம், முல்லர்கள் பெரும்பாலும் ஒருவருக்கொருவர் சொந்தமே இல்லை. முல்லர் என்றால் மாவு ஆலைக்காரர்; ஆலை இருந்த ஊரிலெல்லாம் ஒரு முல்லர் முளைத்தார்.

அந்தப் பெண்ணின் கணவர் குடும்பத்துக்காக 1760-களின் ஒரு தேவாலயப் பதிவேட்டைத் திறந்தபோது இது கண்ணெதிரே தெரிந்தது. பழைய ஜெர்மன் கையெழுத்தில் 'எ' ஒலிக்கான எழுத்தைப் பார்த்தால் 'ன' போலவே இருக்கும். 'உ' ஒலிக்கான எழுத்தை 'ன'விலிருந்து பிரித்துக் காட்டுவது மேலே போடும் சின்ன வளைவு மட்டும். தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த அட்டவணையில் அவர்கள் பெயர் ஓரெழுத்து மாறி இருந்தது. அதை ஒரு தளம் 'வழக்கொழிந்த அரிய பெயர்' என்று தனியாகக் கணக்கிட்டிருந்தது. பக்கத்தைப் புரட்டினால் அதே வீட்டுப் பெண்களின் பெயர் கடைசியில் 'இன்' என்ற விகுதியோடு வருகிறது. அந்தக் காலத்தில் முல்லர் வீட்டுப் பெண்ணின் பெயர் 'முல்லரின்'. அதையும் தனிப் பெயராக எண்ணியிருந்தார்கள். ஒரே கூரைக்குக் கீழே மூன்று அரிய பெயர்கள்!

வரைபடங்களிலும் கவனம் வேண்டும். 'நோஆக்' (Noack) என்ற பெயரைப் போட்டால் கிழக்கு ஜெர்மனியில் கோட்புஸ் நகரைச் சுற்றிய கீழ் லவுசிட்ஸ் பகுதி இருளும். அங்கே வாழும் ஸ்லாவிய சிறுபான்மையான சோர்ப் இனத்தாரின் மொழியிலிருந்து வந்த பெயர், சொந்த மண்ணிலேயே இருக்கிறது. ஆனால் போரில் ஜெர்மனி இழந்த சிலேசியா, கிழக்கு ப்ரஷ்யாவிலிருந்து 1945-க்குப் பிறகு விரட்டப்பட்ட லட்சக்கணக்கான குடும்பங்களின் பெயர்கள் 2005 வரைபடத்தில் நாடெங்கும் சிதறிக் கிடக்கும். அங்கே தெரியும் புள்ளிகள் அகதியாக வந்து தங்கிய இடங்கள். பூர்வீகம் வேறு. அவர்களுக்கு நான் எடுத்துக் காட்டுவது முதல் உலகப் போரின் இழப்புப் பட்டியல்களை. காயம்பட்ட, இறந்த, காணாமல்போன வீரர்களின் எண்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள், பெரும்பாலும் பிறந்த ஊரோடு. கணினி வம்சாவளிச் சங்கத்தின் தன்னார்வலர்கள் அதை முழுக்கத் தட்டச்சு செய்து இலவசமாகத் தேடக் கொடுத்திருக்கிறார்கள். 79 யூரோ கொடுப்பதற்கு முன் இதைப் பார்த்திருக்கலாம்.

இனி, எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டிய ஒரு விஷயம். உங்கள் குடும்பப் பெயர் அரிதானது என்றால் ஒரு நாள் ஒரு கடிதமோ மின்னஞ்சலோ வரலாம். 'உங்கள் பெயர் கொண்ட செல்வந்தர் வாரிசின்றி இறந்துவிட்டார், பணம் வங்கியில் கிடக்கிறது, நீங்கள்தான் உரிமை கோர முடியும், முதலில் கட்டணம் அனுப்புங்கள்.' பெயரை இணையத்தில் எடுத்து ஆயிரம் பேருக்கு அனுப்புகிறார்கள். மொழிபெயர்க்கச் சொல்லி என்னிடம் இதைக் கொண்டுவருபவர்கள் உண்டு. ஒருவர் ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டுத்தான் வந்தார், தலையைக் குனிந்தபடி. ஜெர்மனியில் வாரிசு தேடும் தொழில் நிஜமாகவே இருக்கிறது. ஆனால் முறையாக அதைச் செய்பவர் முன்பணம் கேட்பதில்லை, சொத்து கைக்கு வந்த பிறகு அதில் ஒரு பங்கு எடுத்துக்கொள்வார். வாரிசு தெரியாத வழக்குகளில் நீதிமன்ற அறிவிப்பு அரசிதழிலும் வரும், அங்கே தேடிப் பார்க்கலாம்.

இதே காரணத்தால், உயிரோடு இருப்பவர்களைப் பொது வம்சாவளித் தளங்களில் ஏற்றாதீர்கள். முல்லர் வீட்டுப் பிள்ளை கூட்டத்தில் மறைந்துகொள்வான். முப்பது வீடு மட்டுமே உள்ள பெயருக்கு அந்த வசதி இல்லை. ஜெர்மன் சட்டமே பிறப்புப் பதிவேட்டை 110 ஆண்டும், திருமணப் பதிவேட்டை 80 ஆண்டும், இறப்புப் பதிவேட்டை 30 ஆண்டும் பூட்டி வைக்கிறது. அரசு பூட்டியதை நாம் தேதி, படம், தாயின் கன்னிப் பெயர் சகிதம் திறந்து போடுகிறோம்; வங்கிகள் அடையாளம் சரிபார்க்கக் கேட்கும் கேள்விகளில் ஒன்று அந்தக் கன்னிப் பெயர்தான்.

அந்தப் பெண் சட்டத்தை வீட்டுக்கு எடுத்துப் போனார். சிங்கம் அழகாக இருப்பதால் மாமனார் வரவேற்பறையிலேயே மாட்டிவிட்டாராம், எண்ணை மட்டும் ஒரு காகித ஒட்டியால் மறைத்துவிட்டு. செப்டம்பரில் பெண் குழந்தை பிறந்தது. 2025 மே 1 முதல் ஜெர்மனியில் பெற்றோர் இருவர் பெயரையும் சேர்த்துப் பிள்ளைக்கு இரட்டைக் குடும்பப் பெயர் வைக்கலாம் என்று சட்டம் மாறியிருக்கிறது. கணவரின் பெயருக்குப் பின்னால், மதுரையில் இருக்கும் தன் அப்பாவின் பெயரைக் கோடு போட்டுச் சேர்த்திருக்கிறார். பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்க்க என்னிடம்தான் கொண்டுவந்தார். முத்திரை குத்திக் கொடுத்தேன்.

"அக்கா, இந்தப் பெயரில் உலகத்தில் எத்தனை பேர் இருப்பாங்க?"

எட்டிப் பார்த்தேன். தள்ளுவண்டியில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒருத்தி.