கிராஜுவிட்டி: பணிக்கொடை

வேலையை விட்டுப் போகிறவரின் கணக்கை முடிக்கும்போது, "ராஜினாமா செய்தவருக்கு எதற்கு கிராஜுவிட்டி?" என்று கேட்கும் முதலாளிகள் இன்றும் உண்டு. அந்தக் கேள்விக்கு, நெடுநாள் உழைத்தவர் விலகும்போது தரும் தொகையைக் குறிக்கும் இந்தச் சொல்லே ஒரு காரணம்.

இலத்தீனில் 'கிராட்டுஸ்' என்றால் மனத்துக்கு இனியது, நன்றிக்குரியது. அதன் வழிவந்த சொல் ஆங்கிலத்தில் 'விரும்பித் தரும் அன்பளிப்பு' என்ற பொருள் பெற்றது. உணவகத்தில் பரிமாறுபவருக்கு வைக்கும் டிப்ஸையும் அதே சொல்லால்தான் குறிக்கிறார்கள். தொடக்கத்தில் தொழிற்சாலைகளிலும் நெடுநாள் உழைத்தவருக்கு முதலாளி மனமுவந்து கொடுத்த தொகையாகவே அது இருந்தது. பிறகு தொழிலாளர்கள் தீர்ப்பாயங்களில் வழக்காடினார்கள். கேரளம் 1970இலும் மேற்கு வங்கம் 1971இலும் தனிச் சட்டம் இயற்றின. நாடு முழுமைக்குமான பணிக்கொடைச் சட்டம் 1972இல் வந்தது. அன்றோடு அன்பளிப்பு உரிமையாகிவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை.

தமிழில் நிலைத்துவிட்ட சொல் 'பணிக்கொடை'. அழகான சொல்தான். ஆனால் 'கொடை' என்றதும் கொடுப்பவரின் பெருந்தன்மை நினைவுக்கு வருகிறது. 'பணிக்கால உரிமைத்தொகை' என்றால் பொருள் நேராக விழும். இருந்தாலும் அரசாணைகளிலும் செய்தித்தாள்களிலும் வேரூன்றிய சொல்லை மாற்ற வேண்டாம். பொருளைத் தெளிவாக வைத்துக்கொண்டால் போதும்.

பத்துப் பேர் வேலை செய்யும் கடையோ நிறுவனமோ இந்தச் சட்டத்துக்குள் வந்துவிடும். பிறகு ஆள் குறைந்தாலும் வெளியேற முடியாது. ஐந்து ஆண்டு தொடர்ந்து பணியாற்றியவர் ஓய்வு பெற்றாலும், தாமாகவே விலகினாலும் தொகை உண்டு. பணியிலிருக்கும்போது இறந்துவிட்டால் ஐந்து ஆண்டு நிபந்தனையே இல்லை.

கணக்கு எளிது. கடைசியாக வாங்கிய மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் ஓராண்டுக்கான தொகை. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 26,000 ரூபாய் வாங்கிய தையல் மேற்பார்வையாளர் ஒருவருக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய். அவர் பத்து ஆண்டு எட்டு மாதம் இருந்திருந்தால், ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் முழு ஆண்டாகக் கணக்கிடப்படும். ஆக, பதினொரு ஆண்டுக்கு 1,65,000 ரூபாய். மாதத்தை 30 நாளாக வைத்து வகுப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் பிழை. அதில் தொழிலாளிக்கு இருபதாயிரத்துக்கு மேல் குறைந்துபோகும். சட்டப்படியான உச்சவரம்பு 20 இலட்சம் ரூபாய்.

பி.எஃப். போல இதற்குச் சம்பளத்தில் பிடித்தம் கிடையாது. முழுத் தொகையும் முதலாளியின் பொறுப்பு. முப்பது நாளுக்குள் கொடுக்க வேண்டும், தாமதித்தால் வட்டியும் சேரும். ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கினோம் என்பதற்காக மட்டும் நிறுத்திவைக்க முடியாது. சொத்துக்குச் சேதம் விளைவித்தது, வன்முறை, பணியின்போது செய்த ஒழுக்கக்கேடான குற்றம் என்று சட்டம் சொல்லும் காரணங்கள் வேண்டும்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 1972 சட்டத்தின் இடத்தைப் பிடித்து, இதே பணிக்கொடையைத் தொடர்கிறது. குறித்த கால ஒப்பந்தத்தில் வேலை செய்பவருக்கு ஐந்து ஆண்டுக் காத்திருப்பை அது நீக்கியிருக்கிறது. சம்பளத்தைப் படிகளாகப் பிரித்து அடிப்படையைச் சுருக்கும் வழக்கத்துக்கும் கடிவாளம் போட்டிருக்கிறது: சம்பளத்தில் சேராத படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி சம்பளக் கணக்கில் சேர்ந்துவிடும்.