பெர்சன்டைல் மார்க்ஸ் இல்லை, தயவுசெய்து

"50ஆம் பெர்சன்டைலா? அப்ப பிள்ளை பாதிதான் எடுத்திருக்கா?"

வீட்டில் வைத்துப் படிப்பிக்கும் பெற்றோர் பிள்ளையின் ஐ.கியூ. (நுண்ணறிவு) சோதனை ரிப்போர்ட்டை விரித்ததும் முதலில் கேட்பது இதுதான். இலங்கை மலையகத்தில் ஹட்டனிலும் இதே கேள்வி, பண்டாரவளையிலும் இதே கேள்வி. விளக்கம் கேட்டுக்கொண்டு போனாலாவது பரவாயில்லை. கேட்காமலே பிள்ளையை இரண்டு டியூஷனுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

சாதாரண தரப் பரீட்சையில் 75க்கு ஏ, 50க்கு சீ, 35க்கு எஸ் (வெறும் பாஸ்) என்று பழகிய கண் இது. பெர்சன்டைலுக்கும் அந்தக் கணக்குக்கும் சம்பந்தமே இல்லை. அதே வயதுப் பிள்ளைகள் நூறு பேரைப் புள்ளிப்படி வரிசையில் நிறுத்தினால் உங்கள் பிள்ளைக்குக் கீழே எத்தனை பேர் நிற்பார்கள் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. எத்தனை கேள்விக்குச் சரியாக விடை எழுதியது என்று சொல்லவில்லை. ஐ.கியூ. 100 என்றால் 50ஆம் பெர்சன்டைல், நட்ட நடு. 110 என்றால் 75. 90 என்றால் 25. பரீட்சைக் கணக்கில் 25க்கு எஸ் கூடக் கிடைக்காது, ஆனால் 90 எடுத்த பிள்ளை சராசரிக்குள்தான் நிற்கிறது. 115 எடுத்தால் 84ஆம் பெர்சன்டைல். அதை "ஏ பாஸ்" என்று சொந்தக்காரருக்குப் போன் போட்டுச் சொல்வதும் அதே பிழைதான்.

அடுத்தது அடைவுச் சோதனை, அதாவது படித்த பாடத்தைப் பிள்ளை எவ்வளவு கற்றிருக்கிறது என்று பார்ப்பது. ஐ.கியூ. 130, கணிதம் 118 என்று வந்தால், "12 புள்ளி எங்க போச்சு?" என்கிறார்கள். எங்கும் போகவில்லை. இரண்டு சோதனைக்கும் இடையிலான தொடர்பு 0.6 அளவில் (முழுப் பொருத்தம் என்றால் 1) இருந்தால், 130 எடுக்கும் பிள்ளைகளின் சராசரி அடைவே 118தான் (100க்கு மேலே உள்ள 30 × 0.6 = 18). பின்னமே இன்னும் சொல்லிக்கொடுக்காத பிள்ளை பின்னக் கணக்கை விட்டால் அது திறமைக் குறைவும் இல்லை. எதுவரை படிப்பித்தீர்கள் என்று சோதனைக்கு முன்பே எழுதிக் கொடுங்கள்.

தரம் 3 பிள்ளைக்கு "தரம் 6க்குச் சமம்" என்று வந்தால் தரம் 6 புத்தகத்தை வாங்கி வைக்காதீர்கள். அந்தச் சோதனையில் தரம் 6 பிள்ளை சராசரியாக எடுக்கும் புள்ளியை இதுவும் எடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

வேகம் பார்க்கும் பகுதியில் வீட்டுப் பிள்ளைகள் அடிக்கடி சறுக்குவார்கள். வெக்ஸ்லர் என்ற ஐ.கியூ. சோதனையில் குறியீடு எழுதும் பகுதிக்கு இரண்டே நிமிடம். நேரம் பார்த்து எழுதிப் பழகாத பிள்ளை அழகாக, நிதானமாக எழுதிக்கொண்டிருக்கும். அந்த ஒரு புள்ளி மொத்தத்தையும் இழுத்துவிடும். பகுதிகளுக்கிடையே பெரிய இடைவெளி இருந்தால் மொத்தப் புள்ளியை விட்டுவிட்டுப் பகுதிகளைத் தனித்தனியாகப் பாருங்கள்.

மொழியைக் கட்டாயம் கேளுங்கள். ஆங்கிலச் சோதனையை அந்த இடத்திலேயே தமிழாக்கிக் கேட்டிருந்தால், வெளிநாட்டுப் பிள்ளைகளை வைத்துப் போட்ட, புள்ளியை ஒப்பிடும் அட்டவணை அதற்குப் பொருந்தாது. தேயிலைத் தோட்டத்தில் பேசுகிற தமிழுக்கும் புத்தகத் தமிழுக்கும் உள்ள தூரம் வேறு. (சோதிப்பவரே இதை எழுதியிருக்க வேண்டும். எழுதாத ரிப்போர்ட்டும் வரத்தான் செய்கிறது.)

எந்தப் பதிப்பு, எந்த நாட்டு அட்டவணை, புள்ளியின் வீச்சு என்ன என்று கேளுங்கள். மொத்தப் புள்ளி 104 என்றால் ஏறத்தாழ 98க்கும் 110க்கும் இடையில் என்றுதான் வாசிக்க வேண்டும். கண்ணாடி போடும் பிள்ளையைக் கண்ணாடியோடு கூட்டிப் போங்கள். சோதனைக் கேள்விகளை இணையத்தில் தேடிப் பயிற்சி கொடுக்காதீர்கள். பிள்ளைக்கு முன்னால் எண்ணைப் பேசாதீர்கள், அண்ணன் தங்கச்சியோடு ஒப்பிடவே வேண்டாம்.

மறுபடி பார்க்க வேண்டுமென்றால் அதே சோதனையை ஒரு வருடத்துக்குள் வைக்காதீர்கள், பழகிய கை புள்ளியைக் கூட்டிக் காட்டும். வேறு ஒருவரிடம் போனாலும் பழைய ரிப்போர்ட்டை மறைக்காமல் கொண்டு போங்கள்.