ட்ரெட்மில் – ஓடுபொறி

நெஞ்சு லேசாக வலித்தாலும் 'டிஎம்டி எடுத்துப் பாருங்கள்' என்கிறார் மருத்துவர். ட்ரெட்மில் டெஸ்ட் என்பதன் சுருக்கம் அது. விளையாட்டு வீரர்களின் இதயத்தையும் தாக்குப்பிடிக்கும் திறனையும் அளப்பதற்கும் பெரும்பாலும் இதே கருவிதான்.

'ட்ரெட்' என்றால் மிதித்தல், 'மில்' என்றால் ஆலை. இது சிறையில் புழங்கிய பெயர். 1818-இல் வில்லியம் கியூபிட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கைதிகளிடம் வேலை வாங்க இதை வடிவமைத்தார். பெரிய உருளையைச் சுற்றிலும் படிகள் இருக்கும். கால் வைத்த படி கீழே இறங்கிவிடும், உடனே அடுத்த படியில் ஏற வேண்டும். நாள் முழுக்க ஏறினாலும் நின்ற இடத்திலேயே இருப்பார்கள். சில சிறைகளில் அது தானியம் அரைத்தது, சிலவற்றில் தண்ணீர் இறைத்தது, சிலவற்றில் வெறுமனே சுழன்றது. 1898-ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான் இங்கிலாந்தில் ஒழிந்தது. கோவைச் சிறையில் வ.உ.சி. இழுத்த செக்கு நம் நினைவுக்கு வராமல் இருக்குமா? மாட்டை வைத்துச் சுற்றும் ஆலையில் மனிதனைப் பூட்டிய அதே கொடுமைதான்.

அதனால்தான் 'மிதியாலை' என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அரைப்பதற்கு ஒன்றுமே இல்லாத கருவிக்கு ஆலை எதற்கு? 'ஓடுபொறி' நல்ல சொல். ஆடுகளம் போல இதுவும் வினைத்தொகை. ஆடுகளத்தில் களம் ஆடுவதில்லை, அது ஆடுகிற இடம். ஓடுபொறியும் மனிதர் ஓடுகிற பொறிதான். காலடியில் சுழலும் பட்டையும் சேர்ந்து ஓடுவதால் சொல் இரண்டு வழியிலும் பொருந்துகிறது.

சரி, ஓடுபொறியில் எதை அளக்கிறார்கள்? மருத்துவமனையில் பெரும்பாலும் ராபர்ட் புரூஸ் என்ற அமெரிக்க இதய மருத்துவர் 1963-இல் வகுத்த முறைதான். மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம், 10 விழுக்காடு ஏற்றம் என்று தொடங்கி, 3 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டையும் கூட்டுவார்கள். மார்பில் ஒட்டிய மின்முனைகள் வழியே ஈசிஜி ஓடிக்கொண்டிருக்கும். உழைப்பு ஏறும்போது இதயத்துக்குப் போதிய ரத்தம் கிடைக்கிறதா, துடிப்பு தடம் புரள்கிறதா என்பது அதில் தெரியும். வயதுக்குரிய உச்சத் துடிப்பில் 85 விழுக்காட்டைத் தொட்டதும் நிறுத்திவிடுகிற வழக்கம் பல இடங்களில் உண்டு. வீரர்களுக்கு அது போதாது. இனி முடியாது என்கிற எல்லை வரை அவர்களை ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம் அவர்களுக்கு முகமூடியும் மாட்டுவார்கள். அங்கே அளப்பது 'விஓ2 மேக்ஸ்'. வி என்பது கன அளவு, ஓ2 என்பது ஆக்ஸிஜன், அதாவது உயிர்வளி; மேக்ஸ் என்பது உச்சம். இதை 'உள்ளிழுப்பு' என்று பெயர்த்தால் பிழையாகிவிடும். காற்றில் சுமார் 21 விழுக்காடு ஆக்ஸிஜன் என்றால், வெளிவிடும் மூச்சிலும் 16, 17 விழுக்காடு மிச்சம் இருக்கிறது. இழுத்ததற்கும் விட்டதற்கும் உள்ள வித்தியாசம்தான் உடல் எடுத்துக்கொண்டது. ஆகவே 'உச்ச உயிர்வளி நுகர்வு' என்பதே சரி. 1923-இல் ஆங்கிலேய உடலியங்கியலாளர்கள் ஏ. வி. ஹில்லும் ஹார்ட்லி லப்டனும் இந்த எல்லையை விவரித்தபோது, வெளிவிடும் மூச்சை முதுகில் கட்டிய பையில் பிடித்து அளந்தார்கள்.

நுகர்வை அளந்தால் இதயத்தைப் பற்றி எப்படித் தெரியும்? 1870-இல் அடால்ஃப் ஃபிக் என்ற ஜெர்மானிய உடலியங்கியலாளர் காட்டிய கணக்கு அதற்கு விடை சொல்கிறது. இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் ரத்தத்தை, தமனி ரத்தத்துக்கும் சிரை ரத்தத்துக்கும் இடையிலான ஆக்ஸிஜன் வித்தியாசத்தால் பெருக்கினால் கிடைப்பதே உயிர்வளி நுகர்வு. ஓய்வில் இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் இறைக்கிறது. நெடுந்தூர ஓட்டக்காரர்களில் சிறந்தவர்களுக்கு அது உச்சத்தில் 30 லிட்டரைத் தாண்டும். பயிற்சி இல்லாத இளைஞருக்கு நுகர்வு ஒரு கிலோ உடல் எடைக்கு நிமிடத்துக்கு 40 மில்லிலிட்டர் அளவில் இருந்தால், அந்த ஓட்டக்காரர்களுக்கு 70 முதல் 85 வரை போகும்.

ஆகவே மருத்துவமனையில் நடப்பதை 'ஓடுபொறிச் சோதனை' என்று சொல்லலாம். வீரர்களுக்குச் செய்வதை 'உயிர்வளி நுகர்வுச் சோதனை' என்றே சொல்ல வேண்டும். சைக்கிள் வீரரை மிதிவண்டிப் பொறியிலும் படகு வீரரைத் துடுப்புப் பொறியிலும் வைத்து அளக்கும்போது அங்கே ஓடுபொறியே இருக்காது.