சோபாவில் ஏறினால் தலையில் ஏறுமா?

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே மலேசியாவின் சுங்கை சிப்புட் தாமான் (குடியிருப்பு) வீடுகளில் சாயம் மணக்கத் தொடங்கிவிடும். பழைய சோபா வெளியே போகும், தவணையில் எடுத்த புதுசு உள்ளே வரும். மூன்று வருடமாகப் பழையதில் சுருண்டு படுத்த நாய், வழக்கம்போல் புதியதிலும் ஏறும். கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுப்பார்கள், ரோத்தான் பிரம்பைக் காட்டுவார்கள். சில நாளில் நாய் உறுமும். “இடம் கொடுத்தோம், இப்ப நம்ம தலையிலேயே ஏறுது” என்று வீடே தீர்ப்பு எழுதிவிடும்.

அந்தத் தீர்ப்பு தவறு. உயரத்தில் படுக்கும் நாய் தன்னை வீட்டுக்குத் தலைவனாக நினைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை ஓநாய்களைப் பார்த்து வந்தது. சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக் காட்சிசாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைக் கவனித்து ருடால்ஃப் ஷெங்கல் 1947-இல் எழுதியது அதற்கு வேர். விலகிப் போக வழியில்லாமல் வேலிக்குள் கிடக்கும் விலங்குகள் சண்டை போடத்தான் செய்யும். காட்டில் வாழும் ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தகப்பன், பிள்ளைகள் சேர்ந்த குடும்பம் என்று ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1999-இல் விளக்கினார். கூட்டத் தலைவனைக் குறிக்கும் ‘ஆல்ஃபா’ என்ற சொல்லை முன்பு பரப்பியவர்களில் அவரும் ஒருவர். நாய் வளர்ப்பவர்களிடமே நேரடியாகக் கேட்ட ஆய்வும் உண்டு. விக்டோரியா வாய்த் குழுவினர் 700-க்கும் மேற்பட்டவர்களின் பதில்களைத் திரட்டி 1992-இல் வெளியிட்டார்கள். செல்லம் கொடுப்பதற்கும் நடத்தைக் கோளாறுக்கும் அதில் தொடர்பு தென்படவில்லை.

நாய் சோபாவைத் தேடுவதற்குக் காரணம் எளியது. மெத்தென்று இருக்கிறது, உங்கள் வாடை வீசுகிறது, அங்கிருந்து பார்த்தால் கேட் தெரிகிறது. நடுப்பகல் வெக்கையில் அதுவே இறங்கிப்போய் சிமெண்டுத் தரையில் வயிற்றை ஒட்டிக்கொண்டு படுப்பதைக் கவனித்திருப்பீர்கள். பதவி மோகம் இருந்தால் இறங்குமா?

சிக்கலை உண்டாக்குவது ஆளுக்கொரு விதி. அம்மா விரட்டுவார். இரவு நாடகம் பார்க்கும் தாத்தா, பக்கத்தில் இடம் விட்டு முறுக்கும் கொடுப்பார். பத்து முறை ஏறி ஒன்பது முறை விரட்டப்பட்டு ஒரே ஒரு முறை பலித்தாலும், அந்த ஒன்றுக்காக நாய் விடாமல் முயலும். நான்கு நம்பர் லாட்டரி எடுப்பவர் ஒரு தடவை அடித்துவிட்டால் அந்தக் கடைப்பக்கம் போவதை நிறுத்துவதில்லையே, அதே கணக்குதான். சொல்லிலும் குழப்பம் உண்டு. பாட்டி “எறங்கு” என்பார், அப்பா மலாயில் “துருன்” என்பார், மகள் “டவுன்” என்பாள். அந்த ‘டவுன்’ என்ற சொல்லையே படுக்கச் சொல்லவும் பழக்கியிருந்தால், நாய் சோபாவிலேயே பணிவாகப் படுத்துக்கொள்ளும். அடியும் வாங்கும். ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து, குளிர்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டுங்கள்.

உறுமல் தனி விஷயம். கிடைத்த நல்ல இடத்தையோ எலும்பையோ பறிகொடுக்கக் கூடாது என்ற பயம் அது. அதற்கு முன்பே அடையாளங்கள் தெரியும்: உடல் விறைக்கும், வாய் இறுகும், தலையைத் திருப்பாமல் கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும். அந்த நேரத்தில் கழுத்துப்பட்டையில் கை வைப்பதுதான் கடி வாங்கும் வழி. உறுமியதற்காக அடித்தால் பயம் போகாது, எச்சரிக்கை மட்டும் போய்விடும். அடுத்த முறை சத்தமில்லாமல் கடிக்கும். படுத்திருக்கும் நாயைக் கட்டிப்பிடிக்கும் சிறு பிள்ளைகள்தான் பெரும்பாலும் அதில் மாட்டுகிறார்கள். கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே கிளினிக்குக்குப் போங்கள்.

இறங்கப் பழக்குவது கடினமில்லை. வேகவைத்த கோழி ஈரலைக் கடலைப்பருப்பு அளவுக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். சோபாவிலிருந்து இரண்டடி தள்ளி நாயின் பாயை விரியுங்கள். “எறங்கு” என்று ஒரே ஒரு முறை சொல்லி, ஒரு துண்டைப் பாயில் போடுங்கள். இறங்கித் தின்னட்டும். மறுபடி ஏறினால் மறுபடி செய்யுங்கள். சாப்பாட்டுக்கு முன், ஒரு வேளைக்கு எட்டுப் பத்து தடவை, ஐந்து நிமிடத்துக்குள், நாளுக்கு இரண்டு வேளை. மூன்று நான்கு நாள் கழித்து வெறும் கையைக் காட்டிச் சொல்லுங்கள், இறங்கிய பிறகே ஈரல் வரட்டும். ஏற்கெனவே உறுமிக் காட்டிய நாய் என்றால் நெருங்காதீர்கள், எட்ட நின்றே வீசுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஏறினால்தானே இறங்கச் சொல்லித் தின்னக் கொடுப்பார்கள் என்று கெட்டிக்கார நாய் கணக்குப் போட்டுவிடும். அதனால் ஏறாமல் பாயிலேயே படுத்திருக்கும்போது இன்னும் அதிகமாகக் கொடுக்க வேண்டும். டிவி பார்க்கும் நேரத்தில் ஒருமுறை இரண்டு நிமிடத்தில், ஒருமுறை ஆறு நிமிடத்தில் என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். பெரும்பாலான வீடுகள் கோட்டைவிடுவது இதில்தான், ஏனென்றால் சும்மா படுத்திருக்கும் நாய் யார் கண்ணிலும் படுவதில்லை.

ஆள் இல்லாத நேரத்தில் விதி செல்லாது. சோபா மேலே நாற்காலியைக் கவிழ்த்து வையுங்கள், அல்லது அறைக்கதவைச் சாத்துங்கள். மிளகாய்த்தூள் தூவுவதும் பாச்சை உருண்டை போடுவதும் வேண்டாம். பாச்சை உருண்டை நாய்க்கு நஞ்சு.

இத்தனை நாள் சாதுவாக இருந்த நாய் திடீரென்று சோபாவில் உறும ஆரம்பித்தால், பயிற்சிக்கு முன் மிருக வைத்தியர். இடுப்பு வலி, முதுகு வலி, காது ரணம் உள்ள நாய் தொடுவதற்கே அஞ்சும். செம்பனைத் தோட்டத்து ஓரம் திரியும் நாய்களுக்கு உண்ணிக் காய்ச்சலும் வரும். சோர்வு, வெளிறிய ஈறு, மூக்கில் ரத்தம் தெரிந்தால் தாமதிக்க வேண்டாம். உண்ணிகள் சோபாவின் தையல் இடுக்கிலும் சுவர் வெடிப்பிலும் பதுங்கும், அங்கேயே முட்டையிடும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டு சோபாவை விட்டுவிட்டால் வேலை பாதிதான் முடிந்திருக்கும்.

இதற்காகச் சோபாவை நாய்க்கே எழுதிக்கொடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. பண்டிகைக்கு மலாய் நண்பர்கள் வருவார்கள், நாயின் எச்சில் அவர்கள் மார்க்கப்படி அசுத்தம், அது பட்ட இருக்கையில் உட்காரத் தயங்குவார்கள். அந்த மரியாதை ஒன்றே போதுமான காரணம். தவழும் குழந்தை இருக்கிறது என்பதும் காரணம்தான். நீள முதுகும் குட்டைக் காலும் கொண்ட டாக்ஸ்ஹண்ட் குதித்து இறங்கினால் முதுகெலும்புத் தட்டு நழுவலாம். எந்த விதியானாலும் சரி, எல்லோரும் ஒன்றாகப் பிடியுங்கள், தாத்தா உட்பட.

பழைய சோபாவைக் குப்பை லாரிக்குக் கொடுக்கும் முன் அதன் மெத்தை ஒன்றை எடுத்து வையுங்கள். உறையைச் சுடுதண்ணீரில் துவைத்து, தையலில் உண்ணி இல்லையென்று பார்த்து, கேட் தெரியும் ஜன்னலோரம், காற்றாடிக் காற்று படும் இடத்தில் போடுங்கள். நாய் பக்கவாட்டில் முழுசாக நீட்டிப் படுக்கும் அளவு இருந்தால் போதும். புது சோபா வந்து இறங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே அது அங்கே கிடக்கட்டும்.