தீர்ந்துபோவது எது?

மக்கள்தொகை பெருக்கல் கணக்கில் ஏறும், உணவு கூட்டல் கணக்கில்தான் ஏறும், ஆகவே பஞ்சம் தப்பாது என்று 1798-இல் எழுதினார் தாமஸ் மால்தஸ். அன்று உலகில் ஏறக்குறைய 100 கோடிப் பேர். ஐ.நா. கணக்கின்படி 2022 நவம்பரில் 800 கோடியைத் தொட்டோம். அவர் சொன்ன உணவு வரம்பு எங்கே போனது?

விடையின் பெரும்பகுதி காற்றில் இருக்கிறது. பயிருக்கு நைட்ரஜன் வேண்டும். காற்றில் 78 விழுக்காடு அதுதான். ஆனால் அதன் அணுக்கள் இரண்டிரண்டாக, மூன்று பிணைப்புகளால் இறுகிக் கிடப்பதால் பயிரால் எடுத்துக்கொள்ள முடியாது. சில பாக்டீரியாக்களும் மின்னலும் உடைத்துத் தருவதுதான் வெகுகாலம் வேளாண்மையின் எல்லையாக இருந்தது. 1909-இல் ஃபிரிட்ஸ் ஹேபர் உயர் அழுத்தத்தில், வினையூக்கியின் துணையோடு, நைட்ரஜனை ஹைட்ரஜனுடன் சேர்த்து அம்மோனியா ஆக்கிக் காட்டினார். 1913-இல் கார்ல் போஷ் அதை ஆலை உற்பத்தியாக்கினார். இன்று உலகில் ஏறத்தாழ பாதிப் பேரின் சாப்பாடு இந்த உரத்தை நம்பியிருக்கிறது. மால்தஸ் இதை ஊகித்திருக்க வேண்டும் என்பது நியாயமில்லை.

1980-இல் பொருளியலாளர் ஜூலியன் சைமனும் உயிரியலாளர் பால் எர்லிக்கும் பந்தயம் கட்டினார்கள். செம்பு, குரோமியம், நிக்கல், வெள்ளீயம், டங்ஸ்டன் ஆகியவற்றின் விலை பத்தாண்டில் ஏறும் என்றார் எர்லிக். பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால் விலை இறங்கியிருந்தது. எர்லிக் தோற்று, சைமனுக்கு 576 டாலருக்குக் காசோலை அனுப்பினார். சைமனுக்கு அதிர்ஷ்டமும் கைகொடுத்தது. வேறு சில பத்தாண்டுகளை எடுத்திருந்தால் அவர் தோற்றிருப்பார். ஆனாலும் அவர் சொன்ன வழிமுறை உண்மை. பொருள் அருகினால் விலை ஏறும். விலை ஏறினால் புதுச் சுரங்கம், மறுசுழற்சி, மாற்றுப்பொருள் எல்லாம் லாபகரமாகிவிடும்.

தலைக்கணக்கும் தானாகவே தணிகிறது. 1960-களில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஐந்து குழந்தைகள். இன்று இரண்டுக்குச் சற்று மேல். 2080-களில் சுமார் 1,030 கோடியில் உச்சம் தொட்டுப் பிறகு இறங்கும் என்பது ஐ.நா.வின் 2024 மதிப்பீடு.

அப்படியானால் கவலையே இல்லையா? இருக்கிறது, வேறிடத்தில். விலை இருக்கும் பொருளைத்தான் விலை காப்பாற்றும். நிலத்தடி நீரை இறைப்பவர் மோட்டாருக்குச் செலவழிக்கிறார், நீருக்கு அல்ல. தான் விட்டுவைத்தால் பக்கத்து நிலத்துக்காரர் இறைத்துவிடுவார் என்பதும் அவருக்குத் தெரியும். கரியமில வாயுவைச் சுமக்கும் வளிமண்டலமும் பெரும்பாலும் இலவசமே. வயலில் இட்ட நைட்ரஜனில் ஏறத்தாழ பாதி பயிருக்குப் போவதில்லை. அதில் ஒரு பங்கு ஆற்றோடு கடலுக்குப் போய்ப் பாசியை வளர்க்கிறது. பாசி மடிந்து அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் சாகின்றன. அந்த இழப்பு எந்த உர மூட்டையின் விலையிலும் சேர்வதில்லை.