தபசு, லெந்து, தவம்: ஒரே காலத்துக்கு எத்தனை சொல்

மகள் மறைக்கல்விக் கொப்பியை விரித்தபடி வந்து நின்றாள். ஞாயிறு வகுப்பில் கொடுத்த வீட்டுவேலை: ‘தவக்காலத்தில் நான் செய்யப்போகும் ஐந்து ஒறுத்தல்கள்’. அவள் தலைப்பை எழுதிய வேகத்தில் ‘று’ என்பது ‘ரு’ ஆகிவிட்டது. ஐந்து ஒருத்தல்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒருத்தல் என்றால் பழந்தமிழில் ஆண் விலங்கு. யானை, மான், பன்றி என்று சிலவற்றுக்கு மட்டும் வரும் பெயர். ஐந்து கொம்பன் யானை வருகிறது என்று கேட்டால் கந்தளாய்ப் பக்கத்து வயல்காரர் இரவு நித்திரை கொள்ளமாட்டார்.

“அப்ப ஒறுத்தல் என்டா என்னப்பா?”

ஒரு வரியில் சொல்ல வரவில்லை. ஒறுத்தல் இருக்கட்டும், எங்கள் வீட்டில் அந்தக் காலத்துக்கே ஒரு பெயர் கிடையாது. அம்மா பழைய கத்தோலிக்கம். அவருக்கு அது தபசுகாலம். மனைவி மெதடிஸ்த குடும்பத்தில் பிறந்தவர், அவருக்கு லெந்து. மகளின் புத்தகத்தில் தவக்காலம். மூன்றும் ஒன்றுதான். திருநீற்றுப் புதனில் தொடங்கி, உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய சனி வரை எண்ணினால் 46 நாள். இடையில் வரும் ஆறு ஞாயிறுகளும் நோன்புக் கணக்கில் சேராது, மிச்சம் 40. இயேசு பாலைநிலத்தில் உண்ணாமல் இருந்த நாற்பது நாளின் நினைவு அது. 2026இல் பெப்ரவரி 18 தொடங்கி ஏப்ரல் 4 வரை.

லத்தீன்காரர் இந்த எண்ணையே பெயராக வைத்துவிட்டார்கள். குவாட்ராஜேசிமா என்றால் நாற்பதாவது. அதுதான் போர்த்துக்கேயத்தில் தேய்ந்து குவாரெஸ்மா ஆனது. போர்த்துக்கேயரிடமிருந்து பாண், அலமாரி, சப்பாத்து என்று வாங்கி வைத்துக்கொண்ட எங்கள் வீட்டுத் தமிழில் குவாரெஸ்மா ஒட்டவில்லை. நல்லதுதான்.

லெந்து ஆங்கிலத்தின் வழியாக வந்தது. பழைய ஆங்கிலத்தில் லென்க்டென் என்றால் இளவேனில். பகல் நீளத் தொடங்கும் பருவம். நீளத்தைக் குறிக்கும் சொல்லோடு உறவுள்ளது. அதாவது அந்தப் பெயரில் உபவாசமும் இல்லை, செபமும் இல்லை, நாற்பதும் இல்லை. வெறும் பருவப் பெயர். பனி உருகிப் பகல் வளரும் நாட்டுக்கு அது பொருந்தும். திருகோணமலை பூமத்திய ரேகைக்கு எட்டரைப் பாகைதான் வடக்கே. எங்கள் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். பகல் நீண்டதை இங்கே யார் கவனிக்கிறார்கள்?

ஆனால் இங்கே வேறொன்று நடக்கும். வாடைமழை ஓய்ந்துவிடும். பெப்ரவரி கடைசியில் டச்சுக்குடாக் கடல் அடங்கி, வெயில் ஏறத் தொடங்கும். பங்குனி பிறந்தால் மதியம் வெறுங்காலோடு முற்றத்தில் நிற்க முடியாது. சிலுவைப் பாதைக்கு வெள்ளிக்கிழமை பின்னேரம் போனாலும் கோயிற் சுவர் பகலில் குடித்த வெக்கையைத் திருப்பித் தந்துகொண்டிருக்கும். இந்த இடத்தில்தான் அம்மாவின் தபசு பொருந்திப்போகிறது. தபசு வடமொழித் தபஸிலிருந்து வந்தது. அதன் வேர் ‘தப்’: சுடுதல், காய்தல். தபஸ் என்பதற்கு முதற்பொருளே வெப்பம். தவமும் அதே சொல்தான் என்பது பொதுவான கருத்து. பிராகிருத வழியாக வந்து, பகரம் வகரமாக மெலிந்து, தமிழுக்குள் மிகப் பழைய காலத்திலேயே குடியேறிவிட்டது. தமிழ் வேரே என்று வாதிடுவோரும் உண்டு. எப்படியானாலும், ஒரு அதிகாரத்துக்கே தவம் என்று பெயர் வைத்த வள்ளுவர் அந்தச் சூட்டை மறக்கவில்லை:

சுடச்சுடரும் பொன்போல் ஒளிவிடும் துன்பஞ்
சுடச்சுட நோற்கிற் பவர்க்கு.

ஆக, தபசுகாலம் என்பது காய்கிற காலம். இளவேனிற் பெயரைவிட வெயிற் பெயர் எங்கள் ஊருக்குச் சரி. அம்மாவிடம் இதைச் சொன்னேன். “அதுக்குத்தானே தபசு எண்டு வைச்சிருக்கினம்” என்றார், ஏதோ தானே கூட்டத்தில் இருந்து வைத்த பெயர் மாதிரி.

தனித்தமிழ் வேண்டுமென்றால் நோன்புக்காலம் என்று சொல்லலாமே என்று கேட்பீர்கள். நோன்பு அருமையான சொல். நோல் என்பது வேர், தாங்குதல், பொறுத்துக்கொள்ளுதல். நோற்றல், நோன்மை எல்லாம் அதன் பிள்ளைகள். ‘உற்றநோய் நோன்றல்’ என்று தவத்துக்கு வள்ளுவர் சொல்லும் இலக்கணமே இந்த வேரில்தான் நிற்கிறது. கத்தோலிக்கர் இன்று வாசிக்கும் விவிலியத்திலும் நோன்புதான். ஆனால் திருகோணமலையில் நின்று நோன்புக்காலம் என்று சொல்லிப் பாருங்கள். கேட்பவர் மனம் நேரே முஸ்லிம்கள் வாழும் கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் போய்விடும். நோன்புக் கஞ்சி மணக்கத் தொடங்கிவிடும். எங்கள் ஊரில் வெறும் வயிற்றுக்கும் சமயப்படி பெயர் பிரித்திருக்கிறோம். முஸ்லிம்கள் நோன்பு பிடிப்பார்கள், சைவர்கள் விரதம் பிடிப்பார்கள், மெதடிஸ்த மாமா உபவாசம் இருப்பார், அம்மா ஒருசந்தி பிடிப்பார். 2026இல் சிவராத்திரி பெப்ரவரி 15, திருநீற்றுப் புதன் 18. ரமழானும் அதே வாரம் பிறந்தது. அந்த வாரம் என் அலுவலகத்துத் தேத்தண்ணிக் கோப்பைகள் பாதி கவிழ்த்தபடியே இருந்தன. ஆளுக்கொரு சொல்லில் பட்டினி.

பிடித்த பட்டினியை விடுவதற்கும் அப்படித்தான். முஸ்லிம்கள் நோன்பு துறப்பார்கள், சைவர்கள் பாறணை செய்வார்கள். எங்களுக்கு அதற்கென்று ஒரு சொல்லும் இல்லை. “சரி, சாப்பிடுவோம்” என்பதோடு முடிந்துவிடுகிறது. ஏன் இல்லாமற் போனது என்று யோசிக்கத்தான் வேண்டும்.

ஆகவே பொதுப் பெயராகத் தவக்காலம்தான் என் தெரிவு. யாரோடும் முட்டாது, எல்லோருக்கும் விளங்கும்.

சமயப்படி பிரியாத சொல்லும் ஒன்று இருக்கிறது: திருநீறு. முந்திய ஆண்டு குருத்து ஞாயிறன்று மந்திரித்த ஓலைகளைச் சுட்டெடுத்த சாம்பலை நெற்றியில் சிலுவையாகப் பூசி, மண்ணாய் இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய் என்று குரு சொல்லும் அந்த நாளுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வைத்த பெயர் திருநீற்றுப் புதன். விபூதிப் புதன் என்றும் முதியவர்கள் சொல்வார்கள். சாம்பற் புதன் என்று மட்டும் நின்றிருக்கலாம், நிற்கவில்லை. எங்கள் ஊர்க் கோணேசர் கோயில் நிற்கும் கோணமாமலையைப் பாடவந்த சம்பந்தர் முதலடியிலேயே ‘நீறணி திருமேனி’ என்கிறார். அந்தக் கோயிலை 1620களில் போர்த்துக்கேயர் இடித்துக் கோட்டை கட்டினார்கள். அவர்கள் கொண்டுவந்த சமயத்தின் சாம்பலுக்குத் தமிழர் வாயில் அதே நீறு என்ற சொல்லே வந்து உட்கார்ந்துகொண்டது.

ஒருசந்தி என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். சந்தி இங்கே வேளை. பகலும் இரவும் கூடுகிற பொழுது. நாளுக்கு ஒரு வேளை உணவு என்பது ஒருசந்தி. மகள் அதை ஏதோ தெருச் சந்தி என்று நினைத்திருந்தாள். அதன் இரட்டைப் பிள்ளை சுத்தபோசனம், அதாவது இறைச்சி விலக்கல். பழைய ஞானோபதேசப் புத்தகங்களில் இரண்டும் சேர்ந்தே வரும். இன்றைய கத்தோலிக்க விதிப்படி ஒருசந்தி கட்டாயமான நாள் இரண்டே: திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும். 18 வயதிலிருந்து 59 வரை உள்ளவர்களுக்கு. ஒரு முழுச் சாப்பாடும், சேர்த்தாலும் முழுச் சாப்பாடு ஆகாத இரண்டு சிறு உணவும் கொள்ளலாம். இறைச்சி விலக்கல் 14 வயதிலிருந்து. அம்மாவுக்கு 59 கடந்து பல வருடம், விடமாட்டார்.

இந்தச் சுத்தபோசனத்தில்தான் எங்கள் ஊருக்கு ஒரு வில்லங்கம் இருக்கிறது. விதி விலக்குவது இறைச்சியை, மீன் சாப்பிடலாம். ஆட்டிறைச்சி எப்போதாவது, அறக்குளாவும் சூடையும் நாளாந்தம் என்று வாழும் துறைமுக ஊரில் இது என்ன தவம்? இறைச்சியை விட்டுவிட்டு விளைமீன் குழம்பு வைத்தால் அது வழக்கமான வெள்ளிக்கிழமைதான். இலங்கைத் தமிழ் இதை முன்கூட்டியே யோசித்த மாதிரி ஒரு சொல் வைத்திருக்கிறது: மச்சம். வடமொழியில் மீன் மட்டும். எங்கள் பேச்சில் மீன், இறைச்சி, முட்டை எல்லாம் மச்சம். அம்மா இறைச்சி விடுவதாகச் சொல்லமாட்டார். “நாற்பது நாளும் மச்சமில்லை” என்பார். சட்டம் கேட்டதைவிட அவருடைய சொல் அதிகம் கேட்கிறது. 2025இல் சித்திரைப் புத்தாண்டு பெரிய வாரத் திங்களில் வந்தது. அன்றும் அடுப்பில் மரக்கறிதான். பலகாரத் தட்டைச் சைவ அயலார் கொண்டுவந்து நீட்டியபோது வாங்கி, ஞாயிறு வரை டின்னில் போட்டு மூடிவைத்தார். நான் இரண்டு பயற்றம் பணியாரம் எடுத்தது அவருக்குத் தெரியாது.

சரி, ஒறுத்தலுக்கு வருவோம். தனக்குப் பிடித்த ஒன்றை வேண்டுமென்றே விலக்குவதற்கு என்ன சொல்? தியாகம் என்பார்கள் சிலர். வேரைப் பார்த்தால் தவறில்லை. ‘த்யஜ்’ என்றால் விடுதல். ஆனால் எங்கள் மண்ணில் என் தலைமுறை அந்தச் சொல்லை எங்கெல்லாம், எந்தப் படங்களுக்குக் கீழெல்லாம் வாசித்தது! அதை எடுத்து, தேத்தண்ணியில் சீனியைத் தியாகம் செய்தேன் என்று சொல்ல வாய் கூசுகிறது. பலி இன்னும் பெரிது. திருப்பலிக்கு அது வேண்டும். பரித்தியாகம் என்று அம்மாவின் செபப்புத்தகத்தில் இருக்கும். உச்சரிப்பதே ஒரு தவம்.

ஒறுத்தல் அளவான சொல். அகராதி முதலில் தண்டித்தல் என்றுதான் சொல்லும். குறளில் அரசன் செய்யும் வேலை அது:

கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல் பைங்கூழ்
களைகட் டதனொடு நேர்.

கொடியவரை அரசன் தண்டிப்பது, பயிருக்குள் களை பிடுங்குவது போல. திருச்சபைத் தமிழ் இந்தச் சொல்லை எடுத்து, பிறர்மேல் நீண்ட கையைத் தன்மேல் திருப்பிவிட்டது. ஒறுப்பவனும் நான், ஒறுக்கப்படுபவனும் நான். களைபிடுங்கும் உவமையை அதோடு கூடவே எடுத்துக்கொண்டால், பயிரைப் பட்டினி போடுவது நோக்கமில்லை என்பதும் விளங்கும். ஒறுத்தல் என்றதும் உடம்பை வருத்துவது என்று பயப்படுகிறவர்களுக்கு நான் இந்தக் குறளைத்தான் சொல்வேன்.

ஆனால் பேச்சில் யாரும் ஒறுப்பதில்லை. விடுகிறார்கள். “நான் இந்த முறை சீனி விட்டிட்டன்.” “தம்பி சிகரெட் விட்டிருக்கிறான், ஈஸ்டர் மட்டும்.” விரதத்தையும் ஒருசந்தியையும் பிடிக்கிறோம், சீனியையும் மச்சத்தையும் விடுகிறோம். ஒரு கை பிடிக்கும்போது மறு கை விடுகிறது. இதை அம்மாவின் சமையலறையில் பார்க்கலாம். சோற்றுக்குச் சுண்டால் இரண்டு தடவை அரிசி அளந்து சுளகில் போடுவார். பிறகு அதிலிருந்தே ஒரு பிடி அள்ளி, மூடி கழன்ற பழைய பால்மா டின்னுக்குள் போடுவார். பிடியரிசி. கை மூடும்போது விரலிடுக்கால் நாலு மணி சிந்தும். அதையும் பொறுக்கிப் போடுவார். நாற்பது நாள் முடிய அந்த டின்னும், பங்கிலிருந்து மடித்துத் தந்த அட்டை உண்டியலும் கோயிலுக்குப் போகும். உண்டியலுக்குள் என் சீனிக் காசு. கடையில் மிச்சம் பிடித்த காசு என்று சொல்லலாம், அங்கேயும் பிடிதான். செபம், தபம், தானம் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். தபத்தில் விட்டது தானத்தில் போய்ச் சேராவிட்டால் சீனி விட்டது வெறும் வைத்தியர் சொற்படி நடந்ததாகிவிடும்.

மகளுக்கு இவ்வளவையும் சொல்லவில்லை. ‘விடுறது’ என்றேன், விளங்கிக்கொண்டாள். எழுதினாள். ஒன்று, சொக்கலேட். இரண்டு, போனில் விளையாட்டு, பாடசாலை நாட்களில் மட்டும். மூன்று, மிக்சர். நான்கு, வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதையில் பதினான்கு தலத்துக்கும் கதைக்காமல் நிற்பது. ஐந்தாவதுக்குப் பேனையைக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்பம்மா அடுப்படியிலிருந்து, கால் கழுவாமல் உள்ளே வந்ததற்காக மூன்றாம் முறையாகப் பேசத் தொடங்கினார். மகள் குனிந்து எழுதினாள்: ‘அப்பம்மா ஏசினால் திருப்பிக் கதையாமல் இருத்தல்.’

‘உண்ணாது நோற்பார் பெரியர்’ என்று தொடங்கும் குறள் ஒன்று உண்டு. பட்டினி கிடப்பவர் பெரியவர்தான்; ஆனால் பிறர் சொல்லும் கடுஞ்சொல்லைப் பொறுப்பவருக்கு அடுத்தபடிதான் என்று முடியும். அங்கேயும் வினை நோற்றல்தான். பட்டினிக்கும் பொறுமைக்கும் ஒரே சொல். அதை எடுத்துச் சொல்ல வாய் திறந்தேன். ஏச்சு இன்னும் முடியவில்லை, பேசாமல் இருந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு கொப்பி திரும்பி வந்தது. ஐந்துக்கும் சரி போட்டிருந்தார்கள். தலைப்பில் ‘ரு’வைச் சிவப்பு மையால் ‘று’ ஆக்கியிருந்தார்கள். ஓரத்தில் அவள் வரைந்து வைத்திருந்த கொம்பன் யானையைப் பற்றி ஆசிரியை ஒன்றும் கேட்கவில்லையாம்.