உள்ளாட்சிப் பணியாளருக்கான காலநிலைப் பயிற்சி எங்கிருந்து தொடங்க வேண்டும்?

உள்ளாட்சிப் பணியாளர்களுக்குக் காலநிலை மாற்றம் குறித்துப் பயிற்சி அளித்து வருபவன் என்ற முறையில், பல பாடத்திட்டங்கள் உருகும் பனிப்பாறைகளில் தொடங்கிப் பன்னாட்டு ஒப்பந்தங்களில் முடிந்துவிடுவதைப் பார்க்கிறேன். அவை பொய்யான செய்திகள் அல்ல. ஆயினும் மறுநாள் வடிகால் மதிப்பீட்டில் கையெழுத்திட வேண்டிய பொறியாளருக்கும், தூய்மைப் பணியாளர்களின் பணிநேரத்தை வகுக்கும் சுகாதார ஆய்வாளருக்கும் அவற்றால் பெரிய பயன் இல்லை. பணியாளரின் மேசையில் ஏற்கெனவே கிடக்கும் கோப்பிலிருந்தே பயிற்சி தொடங்க வேண்டும்.

மழைநீர் வடிகாலின் அகலமும் ஆழமும், ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்யக்கூடும் என்ற கணக்கைக் கொண்டே முடிவாகின்றன. அந்தக் கணக்கு கடந்தகாலப் பதிவுகளிலிருந்து வருவது. காற்றின் வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் கூடினால், அது கொள்ளக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது; அதனால் பெய்யும் கனமழையும் மேலும் கனக்கக்கூடும். புவியின் சராசரி வெப்பநிலையோ, 1850 முதல் 1900 வரையிலான காலத்தோடு ஒப்பிட, 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டில் ஏறத்தாழ 1.1 டிகிரி உயர்ந்திருந்தது. ஆகவே அடுத்த 30 ஆண்டுகளுக்குப் பயன்பட வேண்டிய வடிகாலுக்குப் பழைய மழையளவை அப்படியே எழுதிவிட முடியாது.

‘நூறாண்டுக்கு ஒருமுறை வரும் மழை’ என்ற வழக்கும் அலுவலகங்களில் குழப்பத்தை விளைவிக்கிறது. சென்ற ஆண்டு பெய்துவிட்டதால் இனி அச்சமில்லை என்று பலர் கருதுகிறார்கள். உண்மையில், அத்தகைய மழை ஒவ்வோர் ஆண்டும் வருவதற்கு 1 சதவீத வாய்ப்பு உண்டு என்பதே அதன் பொருள். காலநிலை மாறாமல் இருந்தால்கூட, 30 ஆண்டுகளுக்குள் ஒருமுறையேனும் அது வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 26 சதவீதம். இந்தக் கணக்கைப் பணியாளர்களையே தாளில் போட்டுப் பார்க்கச் செய்வது நீண்ட உரையைவிடப் பயனுள்ளது என்பது என் அனுபவம்.

வெப்பத்தைப் பொறுத்தவரை, வெப்பமானியின் அளவு மட்டும் போதாது; ஈரப்பதம் மிகும்போது வியர்வை ஆவியாகாமல் உடல் தணிய இயலாது போகிறது என்பதையும், இரவிலும் வெப்பம் குறையாவிட்டால் உடல் மீள்வதற்கு இடைவெளி கிடைப்பதில்லை என்பதையும் களப்பணியாளரை மேற்பார்வையிடுவோர் அறிந்திருக்க வேண்டும். 2010இல் கடும் வெப்ப அலையைச் சந்தித்த அகமதாபாத் மாநகராட்சி 2013இல் வெப்பச் செயல்திட்டத்தைக் கொண்டுவந்தபோது, முன்னெச்சரிக்கையோடு மருத்துவப் பணியாளர் பயிற்சியையும் அதன் அங்கமாக்கியது. எச்சரிக்கை வந்தபின் யார் என்ன செய்ய வேண்டும் என்பது முன்பே எழுதப்பட்டிருந்தால்தான் அந்த எச்சரிக்கை செயலாகும்.

குப்பைமேட்டில் காற்றுப்படாமல் அழுகும் கழிவு, புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவை வெளியிடுகிறது என்பதைத் துப்புரவுப் பிரிவினர் எளிதில் புரிந்துகொள்கிறார்கள். நாள்தோறும் அந்த மேட்டைப் பார்ப்பவர்கள் அவர்கள்.

பயிற்சிக்கு யாரை அழைப்பது என்பதில்தான் பெரும்பாலும் சறுக்குகிறோம். பொறியாளரை அழைத்துவிட்டுக் கணக்குப் பிரிவையும் ஒப்பந்தப்புள்ளி தயாரிப்பவரையும் விட்டுவிட்டால், கூடுதல் அகலமுள்ள வடிகால் ‘தேவையற்ற செலவு’ என்ற குறிப்போடு திரும்பி வரும். பயிற்சி பெற்றவர் பணியிட மாறுதலில் சென்றுவிடுவதும் வழக்கம் என்பதால், திருத்திய மழையளவு, வெப்பநாள் பணிநேரம், தாழ்வான தெருக்களின் வரைபடம் ஆகியவை பயிற்சி முடியும் முன்பே அலுவலக நடைமுறையில் எழுத்தாக இடம்பெற வேண்டும். அடுத்த மழைக்காலத்துக்குப் பின் அதே பிரிவினரைக் கூட்டி, புதிய மதிப்பீடுகளில் எந்த எண் மாறியிருக்கிறது என்று பார்ப்பதையும் பயிற்சித் திட்டத்திலேயே சேர்த்துவிடலாம்.